தியானத்தையும் சிறையையும் ஒரே வகுப்பில் எப்படிப் பேசுவது?

டீச்சர், உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று சுருக்கி வைக்கிறேன். திருகோணமலையில் உயர்தரக் கலைப்பிரிவு, தரம் 12, முப்பத்துநாலு பிள்ளைகள். சைவர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், மெதடிஸ்தர் எல்லோரும் கலந்த வகுப்பு. கையில் இருப்பது இரண்டு பாடவேளை. சிறைகளில் தியானம் கற்பித்துக் கைதிகளைத் திருத்துகிறார்களாமே என்று ஒரு பிள்ளை கேட்டதை வைத்து ஒரு பாடம் எடுக்க நினைக்கிறீர்கள். எங்கே தொடங்குவது, பிள்ளைகளைச் சிறைச்சாலைக்குக் கூட்டிப்போகலாமா, காலைக்கூட்டத்தில் தினமும் தியானம் வைக்கலாமா என்பவை நீங்கள் கேட்டவை.

நான் முப்பது வருடம் படிப்பித்தவன். இளைப்பாறிய பிறகு நாலு வருடம் ஒரு சிறைச்சாலைக்கு வாரத்தில் ஒருநாள் வாசிப்பு வகுப்பு நடத்தப் போய்வந்தேன். விபஸ்ஸனா என்ற பத்துநாள் தியானப் பயிற்சிக்கும் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நாலாம் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் சிலது கண்டது, சிலது படித்தது.

முதலில் ஒன்று. உங்கள் வகுப்பில் தகப்பனோ தமையனோ மறியலில் இருக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். இல்லையென்று நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். ஐஸ் போதைப்பொருள் வந்த பிறகு எந்த வீடு தப்பியிருக்கிறது? நான் ஒருமுறை இந்த விஷயத்தைக் கதைக்கத் தொடங்கி, “குற்றவாளிகள்” என்ற சொல்லை மூன்றாம் தடவை சொன்னபோது, பின்வரிசையில் ஒரு பெடியன் கொப்பியை மூடிவிட்டு யன்னலைப் பார்த்தான். அவனுடைய அண்ணன் பிணை கிடைக்காமல் ஏழு மாதமாக உள்ளே என்று பிறகுதான் தெரிந்தது. வழக்கு இன்னும் எடுபடவே இல்லை. அன்றிலிருந்து “உள்ளே இருக்கிறவர்கள்” என்றுதான் சொல்வேன்.

பாடத்தின் முதல் முடிச்சும் அதுதான். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றவர்கள் அல்லர், வழக்கு முடியுமுன் விளக்கமறியலில் இருப்பவர்கள். தண்டனை பெற்று வருகிறவர்களிலும் பெருந்தொகையினர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் வந்தவர்கள். கசிப்பு, அதாவது கள்ளச்சாராய, வழக்கில் பிடிபட்ட ஒரு கூலித்தொழிலாளிக்கு நீதிமன்றம் விதித்தது தண்டப்பணம். அது இல்லாததால் அவர் உள்ளே. இவரிடம் போய் மூச்சைக் கவனியுங்கள் ஐயா என்றால் அவர் என்ன சொல்வார்? பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள், நல்ல பதில்கள் வரும். இப்படிப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் வெளியே சேவை செய்ய வைப்பதற்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சமுதாயஞ்சார் சீர்திருத்தம் என்பார்கள். தியானத்துக்கு முன்னால் இதைச் சொல்லாவிட்டால், ஏழ்மையால் உள்ளே போனவரை மனக்கோளாறால் போனவர் ஆக்கிவிடுவோம்.

“புனர்வாழ்வு” என்ற சொல்லையும் சும்மா தாண்டிப் போகமுடியாது. இந்தியாவில் உள்ளவர்கள் “மறுவாழ்வு” என்று இலேசாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரம். 2009க்குப் பிறகு சுமார் 12,000 முன்னாள் போராளிகள் போய்வந்ததற்கும் அதுதான் பெயர். போதைக்கு அடிமையானவர்களை அனுப்பும் கந்தக்காடும் புனர்வாழ்வு நிலையம்தான். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஓடியதை உங்கள் பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள். கொழும்பு வெலிக்கடைச் சிறைச் சுவரில் “சிறைக்கைதிகளும் மனிதர்களே” என்று எழுதியிருக்கிறது. 1983 ஜூலை 25ஆம் 27ஆம் திகதிகளில் ஐம்பத்துமூன்று தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும் அந்தச் சுவருக்குள்தான். இதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சூடாக்கச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அறியாதவர் மாதிரி ஒரு ஆசிரியர் நின்றால் பிறகு சொல்லப்போகிற எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள்.

சரி, தியானத்துக்கு வருவோம். சிறையில் விபஸ்ஸனாவின் கதை 1975இல் ஜெய்ப்பூரில் தொடங்குகிறது. ராஜஸ்தான் மாநிலத்தின் உள்துறைச் செயலாளராக இருந்த ராம்சிங் என்பவரின் முயற்சியால் ஜெய்ப்பூர் மத்திய சிறையில் முதல் பயிற்சி நடந்தது. கற்பித்தவர் எஸ். என். கோயன்கா. 1924இல் மண்டலேயில் பிறந்த இந்திய வம்சாவளி வணிகர். அவருடைய குரு ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதலாவது கணக்காளர் நாயகம். குரு ஒரு கணக்காளர், சீடர் ஒரு வியாபாரி என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் தியானம் என்றதும் அவர்களுக்குத் தோன்றுவது தாடியும் காவியும். சில கைதிகளை விலங்கோடு கொண்டுவந்து உட்காரவைத்ததாகவும், சங்கிலியில் இருப்பவர்களுக்குத் தான் எப்படிக் கற்பிப்பது என்று அதிகாரிகளோடு வாதாடியதாகவும், பிறகே அவை கழற்றப்பட்டதாகவும் கோயன்கா பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். என் பாடம் முழுவதையும் நான் அந்தச் சங்கிலியில்தான் தொங்கவிடுவேன்.

அடுத்தது டெல்லியின் திகார் சிறை. கிரண் பேடி 1993 மே மாதம் டெல்லி சிறைகளின் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றபோது அங்கே ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பெரும்பாலானவர்கள் விசாரணைக் கைதிகள், நம்முடைய விளக்கமறியல் போலத்தான். அந்த நவம்பரில் சுமார் நூறு கைதிகளும் சில சிறை ஊழியர்களும் சேர்ந்து பத்துநாள் உட்கார்ந்தார்கள். 1994 ஏப்ரலில் கோயன்காவே வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே தடவையில் நடத்தினார். அதே வருடம் சிறைக்குள்ளேயே நிரந்தர நிலையம் ஒன்று திறக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் கதையை முடித்துவிடுவார்கள். மூச்சைப் பார்த்தார்கள், அழுதார்கள், கட்டிப்பிடித்தார்கள், திருந்தினார்கள். நீங்கள் முடிக்கவேண்டாம். அதே மாதங்களில் திகாரில் வேறு என்ன நடந்தது என்று கேளுங்கள். கைதிகளின் முறைப்பாடுகளை வாங்க ஒரு பெட்டி உள்ளே வலம் வந்தது. எழுத்தறிந்த கைதிகள் அறியாதவர்களுக்குக் கற்பித்தார்கள். தாய்மாரோடு இருந்த குழந்தைகளுக்குப் பராமரிப்பிடம் வந்தது. சிறை அலுவலர்களும் தியானத்துக்குப் போனார்கள். காவலரும் கைதியும் ஒரே மண்டபத்தில் வாய்திறக்காமல் உட்காருவது சின்ன விஷயம் இல்லை. நான் போய்வந்த சிறையில் ஒரு காவலர் கைதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது நாலு வருடத்தில் இரண்டு தடவை. ஆக, திகாரில் மாறியது மனங்கள் மட்டுமா, அல்லது அந்த மனங்களைச் சுற்றியிருந்த வீடுமா? இரண்டையும் பிரித்து அளக்க எவராலும் முடியாது என்பதே என் எண்ணம். கைதியைச் சரிக்கட்டும் மருந்தாகத் தியானத்தைக் காட்டினால் பாதிதான் சொன்னோம். சங்கிலியைக் கழற்றியது யார் என்பது மற்றப் பாதி.

பத்துநாளில் என்னதான் செய்கிறார்கள்? காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் அளவில் உட்காரவேண்டும். பேச்சில்லை, சைகையில்லை, போன் இல்லை. முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதை மாத்திரம் பார்ப்பது. மூச்சை அடக்குவதில்லை, ஒழுங்குபடுத்துவதும் இல்லை. திருமூலர் சொல்கிற வாசியோகத்தை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை, இது பிராணாயாமம்தானே என்று கேட்கும். அங்கே மூச்சைப் பிடிக்கவேண்டும், இங்கே விட்டுவிட்டுப் பார்க்கவேண்டும் என்று சொல்லுங்கள், போதும். நாலாம் நாளிலிருந்து உச்சிமுதல் உள்ளங்கால்வரை உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளைப் பார்ப்பது: அரிப்பு, சூடு, துடிப்பு, முழங்கால் வலி. வலி வந்தாலும் காலை மாற்றாமல், அது ஏறி, நின்று, இறங்குவதைப் பார்ப்பது. நான் ஓடிவந்தது அந்த இடத்தில்தான்.

இதற்கும் குற்றத்துக்கும் என்ன தொடர்பு என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த, கோபத்தை எடுங்கள். ஒருவன் நம்மைத் தாயைச் சொல்லித் திட்டுகிறான். கை ஓங்குவதற்கு முன்னால் உடம்பில் ஏதோ நடக்கிறது. காது சூடாகும், நெஞ்சு இறுகும், பல் கடிபடும். அதைக் கவனித்துப் பழகாதவனுக்குச் சூடும் அடியும் ஒன்றுதான், நடுவில் இடைவெளி கிடையாது. பழகியவனுக்கு அரை வினாடி கிடைக்கலாம். போதைக்கான அரிப்பும் அப்படித்தான் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். என்னுடைய வாசிப்பு வகுப்பில் இருந்த ஒருவர், வேறெங்கோ கற்றுக்கொண்டு வந்தவர், ஒருநாள் சொன்னார்: “சேர், முந்தி கோவம் என்னைக் கூட்டிக்கொண்டு போகும். இப்ப வாசல்ல வந்து நிண்டு கூப்பிடுது.” போகாமல் இருக்கிறாரா என்று கேட்டேன். சிரித்தார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கட்டாயம் கேட்பார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த குறைந்த காவல் சிறை ஒன்றில் நடந்த விபஸ்ஸனாப் பயிற்சியைப் பற்றி 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பயிற்சிக்குப் போனவர்கள், விடுதலையாகி மூன்று மாதம் கழித்து, போகாதவர்களைவிடக் குறைவாகவே மதுவும் போதையும் பாவித்தார்கள். பிரித்தானியாவில் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் ஏழு சிறைகளில் பத்து வாரம் யோகாசன வகுப்பு நடத்தி 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மனநிலை தேறியது, அவசரப்பட்டுச் செயற்படுவதை அளக்கும் ஒரு சோதனையிலும் முன்னேற்றம் தெரிந்தது. கைதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். சியாட்டிலில் போனவர்கள் தாங்களே விரும்பிப் போனவர்கள். காலை ஐந்தரை மணி ரியூஷனுக்கு விரும்பி வருகிற பிள்ளைக்கு ஏ வருகிறது. வகுப்பாலா, அல்லது ஐந்தரைக்கு எழும்புகிற பிள்ளை என்பதாலா? உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எல்லோருக்கும் இதில் அனுபவம் உண்டு, காலை ரியூஷன் சேர்மார் கோவித்துக்கொள்ளக்கூடாது.

மதம் சம்பந்தமாக நீங்கள் தயங்குவது நியாயம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டொனல்ட்சன் என்ற கடுங்காவல் சிறையில் 2002இல் இதே பயிற்சி நடந்தது. கொஞ்சக் காலத்தில் நிறுத்திவிட்டார்கள். கைதிகள் கிறிஸ்தவத்தை விட்டுப் பௌத்தத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். சில வருடம் கழித்துத் திரும்பத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் அந்தப் பயம் வேறு திசையிலிருந்து வரும், அதற்குக் காரணங்களும் உண்டு. கோயில் காணியா விகாரைக் காணியா என்ற சச்சரவு கண்ட கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் போய்வந்த பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே வகுப்பில் பௌத்தம் என்றோ யோகம் என்றோ பெயர் சூட்டாமல், மூச்சை எண்ணுவது என்று மட்டும் சொல்லுங்கள். ஆனால் இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவும் வேண்டாம். கேட்டால் பௌத்தத்திலிருந்து என்று நேரே சொல்லுங்கள். செய்ய விருப்பமில்லாத பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கலாம், காரணம் கேட்கக்கூடாது.

எப்படிச் செய்வது என்றால் இப்படி. கதிரையில் இருந்தபடியே, கண்ணை மூடச் சொல்லாமல், மேசையைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணவேண்டும். தவறினால் திரும்ப ஒன்றிலிருந்து. கண்ணை மூடச் சொல்லவேண்டாம் என்பதில் நான் கண்டிப்பு. அடி வாங்கி வளர்ந்த பிள்ளைக்கும், வீட்டில் சாவு கண்ட பிள்ளைக்கும் கண்ணை மூடுவது இளைப்பாறுதல் இல்லை. சுனாமிக்குப் பிறகு, உப்புவெளிப் பக்கத்தில் ஒரு நலன்புரி முகாமில், நல்ல மனதோடு வந்த ஒருவர் எல்லோரையும் கண்ணை மூடிக் கடலலையை நினைக்கச் சொன்னார். கடலை! பிறகு நடந்ததை நான் எழுதப்போவதில்லை. ஆடி மாதம், கச்சான் காற்று, தகரக்கூரை, மூன்றாம் பாடவேளை என்றால் பெரும்பாலானவர்கள் நாலைத் தாண்டமாட்டார்கள். அதுதான் வேண்டியது. எத்தனைவரை போனீர்கள் என்று கேளுங்கள், சிரிப்பு வரும்.

இரண்டாம் பாடவேளைக்கு ஒரு சோக்குக்கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். தரையில் ஒரு ஒற்றைப் பாயின் அளவுக்குக் கட்டம் கீறுங்கள். விரும்பி வருகிற மூன்று பேரை அதற்குள் உட்காரச் சொல்லுங்கள். பெடியன்கள் தனியாக, பெட்டைகள் தனியாக. முழங்கால் முட்டும், தோள் இடிக்கும். இப்போது அதே ஐந்து நிமிஷம், அதே எண்ணிக்கை. எங்கள் சிறைகளில் இருக்கிற தொகை, கட்டியபோது கணக்குப்போட்ட தொகையைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போன வருடங்கள் உண்டு. முறைவைத்துப் படுக்கிற கதையை நான் உள்ளே கேட்டிருக்கிறேன். கட்டத்துக்குள் இருந்த பிள்ளைகளிடம் மட்டும் கேளுங்கள்: இதற்குள் ஒருவரால் மூச்சை எண்ண முடியுமா? சிலர் முடியாது என்பார்கள். ஒரு பிள்ளையாவது, இதற்குள் இருந்தால்தான் எண்ணவே வேண்டிவரும் என்று சொல்லும். இரண்டும் சரி, இரண்டையும் பலகையில் எழுதிவிடுங்கள்.

யாராவது ஒரு பெண்பிள்ளை எழும்பி, அவர் தியானம் செய்து நிம்மதியாகிறார், அடிவாங்கினவளுக்கு யார் நிம்மதி தருவது என்று கேட்பாள். நான் எடுத்த எல்லா வகுப்பிலும் கேட்டார்கள், கேட்டது எப்போதும் பெண்பிள்ளைதான். இதற்கு அழகான பதில் சொல்ல முயலவேண்டாம். நான் அங்குலிமாலனின் கதையைச் சொல்வேன். ஆட்களைக் கொன்று விரல்களை மாலையாகப் போட்டவன் புத்தரிடம் துறவியானான் என்பதுவரை எல்லோருக்கும் தெரியும். நம் சிங்களச் சகோதரர்கள் வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் வேண்டி ஓதுகிற “பிரித்” என்ற காப்புப் பாராயணமும் அவன் பெயரில்தான். மறந்துபோகிற பகுதி பிறகு வருகிறது. துறவியானவன் பிச்சைக்குப் போகும்போது கல்லும் தடியும் அவன்மேல் விழுகின்றன. மண்டை உடைந்து, பிச்சை ஓடு உடைந்து, உடை கிழிந்து திரும்பி வருகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். மனம் மாறியதால் ஊரின் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அந்தப் பழைய கதைகூடச் சொல்லவில்லை.

தமிழ்ப் பாடம் எடுக்கிற பிள்ளைகளும் இருப்பதால் மணிமேகலையை விடாதீர்கள். பத்தொன்பதாவது காதையின் பெயரே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை. மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தில் சிறைக்குள் போகிறாள். உள்ளே இருப்பவர்களுக்கு அவள் அறவுரை சொல்லித் தொடங்கவில்லை, அமுதசுரபியிலிருந்து சோறு போடுகிறாள். சோழ அரசன் கூப்பிட்டு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, சிறையை இடித்து அறக்கோட்டமாக்கு என்கிறாள். அவனும் செய்கிறான். அந்த அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் நம்முடைய நயினாதீவுதான் என்று பலர் கொள்வதையும் சொல்லலாம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அருகிலேயே இன்னொரு கைதியும் உண்டு. 1660இல் கொட்டியாரக் குடாவில், இன்றைய மூதூர்ப் பக்கம், கரையிறங்கிய ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, தப்பிப்போக 1679 ஆயிற்று. கம்பிக்குப் பின்னால் அல்ல, கிராமங்களில் வைத்திருந்தார்கள். தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார்; ஒரு பழைய விவிலியம் கண்ணில்பட, பின்னிய தொப்பியைக் கொடுத்து அதை வாங்கினார். உள்ளே இருக்கும் காலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு மூதூர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரிலிருந்தே பதில் எடுக்கலாம். என் வாசிப்பு வகுப்பிலும் தியானத்தைவிடத் தொழிலைத்தான் கேட்டார்கள். தையல், தச்சுவேலை, தலைமுடி வெட்டுவது. விடுதலையாகிப் போகிறவருக்கு மனநிம்மதியோடு ஒரு கத்தரிக்கோலும் தேவை.

சிறைச்சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். அனுமதி எடுக்கலாம், எடுத்தாலும் போகாதீர்கள். முப்பத்துநாலு சீருடைகள் வரிசையாக நின்று பார்ப்பது உள்ளே இருப்பவருக்கு எப்படியிருக்கும்? பார்க்கப்படுகிறவர் உங்கள் மாணவியின் மாமாவாக இருந்தால்? அதைவிட இளைப்பாறிய நலன்புரி அலுவலர் ஒருவரையோ, நன்னடத்தை அலுவலரையோ வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

காலைக்கூட்டத் தியானமும் வேண்டாம். பிரித்தானியாவில் 85 பாடசாலைகளில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துப் பெரியதொரு ஆய்வு செய்து 2022இல் முடிவு சொன்னார்கள்: எல்லோருக்கும் பாடமாக வைத்த மனக்கவனப் (மைண்ட்ஃபுல்னஸ்) பயிற்சி, வழமையாகப் பாடசாலையில் சொல்லிக்கொடுப்பதைவிட மேலதிகமாக எதையும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கவும் இல்லை. கட்டாயம் என்றதும் அது இன்னொரு பாடம் ஆகிவிடுகிறது. விரும்புகிற நாலுபேர் இடைவேளையில் உங்களோடு வந்து உட்கார்ந்தால் உட்காரட்டும். பரீட்சை முடிந்து, பெரியவர்களான பிறகு, யாராவது முழுமையாகப் பார்க்க ஆசைப்பட்டால் பேராதனைப் பக்கம் ஹிந்தகலவில் தம்மகூட என்ற விபஸ்ஸனா நிலையம் இருக்கிறது. கட்டணம் வாங்குவதில்லை. நாலாம் நாள் பெட்டி கட்டத் தோன்றும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தச் சோக்குக்கட்டத்தை வகுப்பு முடிந்ததும் அழிக்காதீர்கள், இரண்டு நாள் கிடக்கட்டும். அடுத்த பாடவேளைக்கு வருகிற சேரிடம் முதலே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் வந்ததும் வராததுமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லிவிடுவார்.